ஒற்றைச் சீட்டு

பெங்களூருவிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டியைக் கடந்தவுடன் வரும் ஊர் ஹெப்பகோடி. ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரை அடுத்துப் பொம்மசந்திரா தொழிற்பேட்டை விரிந்து கிடக்கிறது. பணிமுறை மாறும் நேரங்களில் இங்குள்ள தேநீர்க் கடைகளின் முன் நின்றால் கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி ஆகிய நான்கும் காதில் விழும். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களிலிருந்து வந்து, ஓர் அறையை நால்வராகப் பகிர்ந்துகொண்டு, தொழிற்சாலைகளில் பணிபுரியும் இளம்பெண்கள் இங்கு உள்ளனர்.

அத்தகைய ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். தருமபுரியை அடுத்த சிற்றூர் அவளுடையது. வயது இருபத்தாறு. ஐந்து ஆண்டுகளாக வேலை செய்கிறாள். ஐந்து ஆண்டுகளிலும் அவள் எடுத்த விடுப்பு நாள் எதுவும் அவளுக்காக எடுக்கப்பட்டதன்று.

இதைச் சற்று விளக்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஓராண்டில் 240 நாள் பணி செய்த தொழிலாளிக்கு, பணி செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் வீதம், ஊதியத்துடன் கூடிய விடுப்பை வகுத்தது. 240 நாளுக்கு 12 நாள். பொங்கலுக்கு மூன்று நாள் போனால் மீதி ஒன்பது. ஊர் மாரியம்மன் திருவிழாவுக்கு இரண்டு, அக்காள் மகனின் காதுகுத்துக்கு ஒன்று, சித்தப்பா வீட்டுத் திருமணத்துக்கு இரண்டு, தந்தையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல இரண்டு என்று கழித்துக்கொண்டே வந்தால் எஞ்சுபவை இரண்டே நாள். அவையும் காய்ச்சலுக்கென்று ஒதுக்கி வைக்கப்படும். அதே 1948இல் ஐக்கிய நாடுகள் அவை வெளியிட்ட உலக மனித உரிமைகள் அறிக்கையின் 24ஆம் பிரிவு, ஓய்வும் ஊதியத்துடன் கூடிய விடுமுறையும் ஒவ்வொருவருக்கும் உரிய உரிமை என்கிறது. அவ்வாண்டு அவளுக்குக் காய்ச்சல் வரவில்லை. எஞ்சிய இரண்டு நாளையும் எடுத்துக்கொண்டு, பிடதியில் உள்ள வொண்டர்லா பூங்காவுக்குச் சென்று ஓரிரவு தங்கி வருவதென்று முடிவு செய்தாள்.

தாயிடம் தொலைபேசியில் சொன்னபோது வந்த முதல் கேள்வி, “யாரோடு போகிறாய், கண்ணு?” என்பதே.

“யாரோடும் இல்லை அம்மா. நான் மட்டும்தான்.”

“கோயிலுக்கா?”

“இல்லை அம்மா. ராட்டினம் சுற்ற.”

மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. கோயிலுக்கோ மருத்துவமனைக்கோ நேர்காணலுக்கோ தனியே செல்வதாகச் சொல்லியிருந்தால் அந்த அமைதி நேர்ந்திராது. கடமைக்காகத் தனியே செல்பவளை வீடு வழியனுப்பி வைக்கும். மகிழ்ச்சிக்காகத் தனியே செல்பவளிடம்தான் வீடு விளக்கம் கேட்கும்.

அவளுடைய ஊரான தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் அவைக்களத்தில் இருந்த ஔவையார், காஞ்சித் தொண்டைமானிடம் தூது சென்ற செய்தியைப் புறநானூறு சொல்கிறது. மறுபுறம், பெண்களை உடன் அழைத்துக்கொண்டு கடல் கடப்பது வழக்கமன்று என்னும் கருத்துத் தொல்காப்பிய அகத்திணையியலில் உள்ளது. இந்நூற்பாவுக்கு உரையாசிரியர்கள் தம்முள் மாறுபட்ட பொருள் உரைப்பர். செல்லும் பெண்ணும் செல்லலாகாது என்னும் விதியும் தமிழில் ஒருங்கே வாழ்ந்து வந்துள்ளனர் என்பதே இதிலிருந்து தெரிவது.

ஹெப்பகோடியிலிருந்து பிடதிக்குச் செல்வது முன்பு எளிதன்று. சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் பேருந்து நின்றுவிட்டால் அரை நாள் கரைந்துவிடும். 2025 ஆகஸ்ட் 10 அன்று ஆர். வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரையிலான மெட்ரோவின் மஞ்சள் தடம் திறக்கப்பட்டது. 16 நிலையங்கள், ஏறத்தாழ 19 கிலோமீட்டர். அதில் ஹெப்பகோடிக்கும் ஒரு நிலையம் கிடைத்தது. அவள் அங்கே ஏறி, ஆர். வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கும், மெஜஸ்டிக்கில் ஊதாத் தடத்துக்கும் மாறி, மேற்குக் கோடியான சல்லகட்டாவில் இறங்கினாள். அதற்கு மேல் மைசூருச் சாலையில் பேருந்து. பிடதி, தட்டு இட்லிக்குப் பெயர் பெற்ற ஊர். தட்டளவு அகன்ற அந்த இட்லியில் இரண்டை உண்டவர் ராட்டினத்தில் ஏறுவதற்கு முன் ஒரு மணி நேரமாவது பொறுப்பது நல்லது. அவள் ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள்.

பூங்காவின் நுழைவுச்சீட்டு வழங்குமிடத்தில் மீண்டும் அதே கேள்வி, வேறு வடிவில்: “எத்தனை பேர்?” ஒருவர் என்றாள். சீட்டு வழங்கியவர் அவளுக்குப் பின்னால் யாரேனும் நிற்கிறார்களா என்று ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு ஒற்றைச் சீட்டை நீட்டினார்.

அவர் எட்டிப் பார்த்ததில் வியப்பில்லை. இத்தகைய பூங்காக்கள் குடும்பங்களை எண்ணியே அமைக்கப்பட்டவை. வால்ட் டிஸ்னி வார இறுதிகளில் தம் மகள்களைக் குதிரை ராட்டினத்தில் ஏற்றிவிட்டு, தாம் மட்டும் பக்கத்து இருக்கையில் அமர்ந்து காத்திருப்பாராம். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடும் இடம் ஒன்று வேண்டும் என்னும் எண்ணம் அங்குதான் தோன்றியது என்று அவரே கூறியுள்ளார். அவ்வெண்ணம் 1955 ஜூலை 17 அன்று கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்தாகத் திறக்கப்பட்டது. இந்தியாவில் 1984இல் தில்லியில் அப்பு கர், 1989இல் மும்பையில் எஸ்ஸெல் வேர்ல்டு, 1995இல் தாம்பரத்தை அடுத்துக் கிஷ்கிந்தா என்று பூங்காக்கள் தோன்றின. கொச்சியில் 2000இல் வீகாலேண்டைத் தொடங்கிய கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளியின் குழுமமே 2005இல் பிடதியில் வொண்டர்லாவைத் திறந்தது; 2012இல் அதனருகே தங்கும் விடுதியும் எழுந்தது. 2025 டிசம்பரில் சென்னைக்கருகே இள்ளலூரிலும் அதன் கிளை வந்துவிட்டது.

பெயர்தான் புதிது; விளையாட்டு பழையது. பூங்காவின் பெரும்பகுதியை இரண்டு சொற்களில் அடக்கிவிடலாம்: ஊசல், நீராடல். பெண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்களாகக் குமரகுருபரர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில் பாடியவை அம்மானை, நீராடல், ஊசல் என்பனவே. வையையில் புதுவெள்ளம் வந்தபோது மதுரை மக்கள் திரண்டு நீராடியதைப் பரிபாடல் விரித்துரைக்கிறது. செயற்கை அலைக் குளத்தில் மணியொலி கேட்டதும் ஆயிரம் பேர் கூச்சலிட்டுக்கொண்டு இறங்குவதைப் பார்ப்பவருக்கு அக்காட்சி நினைவுக்கு வரலாம். ஹெப்பகோடிக்கு அருகே ஹுஸ்கூரில் நடக்கும் மத்தூரம்மா தேர்த் திருவிழாவும் இவ்வகையில் உறவுதான். நூறடிக்கு மேல் உயர்ந்த தேர்கள் ஊர்ஊராக இழுத்து வரப்படுவதைக் காண்பதே ஒரு சிலிர்ப்பு. 2025 மார்ச்சில் அத்தேர்கள் காற்றில் சாய்ந்து உயிரிழப்பு நேர்ந்ததை அவளும் கேள்விப்பட்டிருந்தாள். ஆகவே ராட்டினத்தின் இருக்கைத் தாழ்ப்பாளை ஊழியர் ஒரு முறை இழுத்துப் பார்த்தபின் தானும் ஒரு முறை இழுத்துப் பார்த்தாள்.

அவள் ஏறியது ரீகாயில் என்னும் உருளூர்தி. முன்னோக்கிப் பாய்ந்து தலைகீழாகச் சுழன்று, அதே தண்டவாளத்தில் பின்னோக்கித் திரும்புவது அது. இவ்வகை ஊர்திகளுள் பெரும்பாலானவற்றுக்கு இயந்திரத்தின் வேலை உயரத்துக்கு இழுத்துச் செல்வதோடு முடிந்துவிடும். பின்னர் ஓட்டுவது புவியீர்ப்பே. உராய்வை நீக்கிக் கணக்கிட்டால், 20 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் ஊர்தி அடியைத் தொடும்போது நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர், அதாவது மணிக்கு 70 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட வேகம் பெறும். அதில் ஒருவர் இருந்தாலும் இருபதின்மர் இருந்தாலும் இவ்விடை மாறாது. சுழல்வளையம் வட்டமாக இராமல் கண்ணீர்த்துளி போல மேலே குறுகியிருப்பதற்கும் காரணம் உண்டு. 1895இல் அமெரிக்காவின் கோனி தீவில் வட்டமாக அமைத்த வளையம் ஏறியவர்களின் கழுத்தை வருத்தியது. வட்டத்துக்குள் ஊர்தி நுழையும் இடத்தில் உடல்மேல் விழும் அழுத்தம் திடீரெனப் பெருகுவதே அதற்குக் காரணம். துளி வடிவில் அவ்வழுத்தம் படிப்படியாக ஏறுகிறது. இதய நோயாளிகளும் கருவுற்ற பெண்களும் ஏறலாகாது என்னும் பலகையைச் சடங்காக எண்ணிக் கடந்து செல்லக் கூடாது என்பது இதனால் விளங்கும்.

வரிசையில் நின்றபோது அவளுக்கு ஒரு நன்மை கிட்டியது. இருக்கைகள் இரண்டிரண்டாக அமைந்தவை. மூவராக வந்த குடும்பம் ஏறினால் ஓரிடம் வெறுமையாகிவிடும். “ஒருவர் மட்டும் யாரேனும் உண்டா?” என்று ஊழியர் கேட்க, அவள் கை உயர்த்தி, ஐம்பது பேருக்கு முன்னால் சென்று அமர்ந்தாள். வெளிநாட்டுப் பூங்காக்கள் சிலவற்றில் தனியராக வருவோர்க்கென்றே தனி வரிசை வைத்திருக்கிறார்கள். அவளுக்குப் பக்கத்தில் அமர்ந்த சிறுவன், இறக்கத்தில் யாரென்று பாராமல் அவள் கையைப் பற்றிக்கொண்டான். இறங்கியபின் வெட்கப்பட்டு ஓடிவிட்டான்.

தனிமைக்கு விலையும் உண்டு. பையைப் பிடித்துக்கொள்ள ஆளில்லை. பாதுகாப்புப் பெட்டகத்துக்கு வாடகை தர வேண்டும். அதன் சாவியை நீர்விளையாட்டின்போது இழக்காமல் காக்க வேண்டும். விடுதி அறையின் கட்டணம் இருவருக்கென்று கணக்கிடப்படுவதால், ஒருவர் தங்கினாலும் தொகை பெரிதாகக் குறையாது. அவள் அதற்காக எட்டு மாதம் சிறுகச் சிறுகச் சேர்த்திருந்தாள். அறையாவது கிடைத்தது. சிறிய ஊர்களின் தங்கும் விடுதிகளில் தனியாக வரும் ஆளுக்கு, அதிலும் பெண்ணுக்கு, அறை இல்லையென்று கைவிரிக்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. தற்கொலை செய்துகொண்டால் வழக்குக்கு அலைய வேண்டுமே என்பது அவர்கள் சொல்லும் காரணம். அவர்கள் அச்சத்திலும் பொருளில்லாமல் இல்லை. ஆனால் அந்த ஓர் அச்சத்துக்காக வழிப்போக்கர் அனைவரையும் ஐயுறுவது முறையாகாது.

உலகம் சுற்றும் தமிழன் என்று பெயர் பெற்ற ஏ. கே. செட்டியார், காந்தியடிகளைப் பற்றிய படச்சுருள்களைத் தேடிக் கண்டங்களைக் கடந்து அலைந்தவர். அவர் தேடித் தொகுத்த ஆவணப்படம் 1940இல் வெளிவந்தது. அவரை ஏன் போனீர் என்று யாரும் கேட்டிருந்தால் சொல்ல அவரிடம் பெரிய காரணம் இருந்தது. அவளிடம் அப்படியொரு காரணம் இல்லை. ராட்டினம் சுற்ற வேண்டும் என்று பத்து வயதில் தோன்றியது. திருவிழாவில் தம்பிக்கு மட்டும் சீட்டு வாங்கினார்கள். அவ்வளவுதான்.

மாலையில் உணவகத்தில் நால்வர் அமரும் மேசையில் தனியே அமர்ந்தபோது மட்டும் அவளுக்குச் சற்று வாட்டமாக இருந்தது. எதிரிலிருந்த குடும்பத்தில் ஒரு பெண் தன் தாய்க்குத் தயிர்சோறு பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் உணவை முடித்து, அறைக்குத் திரும்பி, கதவைத் தாழிட்டபின் தாயை அழைத்தாள்.

“உனக்குப் பயமாக இல்லையா?” என்றார் தாய்.

“எதற்கு அம்மா? ராட்டினத்துக்கா, தனியாக இருப்பதற்கா?”

“இரண்டுக்கும்தான்.”

“ராட்டினத்தில் பயந்து கத்தினேன்,” என்றாள்.

தாய் சிரித்தார். பிறகு, நெடுநேரம் எதையோ எண்ணியவர்போல, “எவ்வளவு உயரம் இருக்கும், கண்ணு?” என்று கேட்டார்.

சொல்லும் பொருளும்

ஊசல் – ஊஞ்சல். நூற்பா – இலக்கண நூலின் சூத்திரம். சிலிர்ப்பு – மயிர்க்கூச்சம். வாட்டம் – மனச்சோர்வு.

பயிற்சி

1. தாயின் முதல் கேள்வியும் சீட்டு வழங்கியவரின் கேள்வியும் எவ்வகையில் ஒத்துள்ளன? எவ்வகையில் வேறுபடுகின்றன?

2. சுழல்வளையம் கண்ணீர்த்துளி வடிவில் அமைக்கப்படுவது ஏன்? சொந்த நடையில் எழுதுக.

3. “தனியாக வருவோர்க்கு அறை இல்லை” என்று கூறும் விடுதி மேலாளருக்கும் அறை கேட்டு வந்தவருக்கும் இடையே நிகழும் உரையாடல் ஒன்றை அமைக்க. இருவர் பக்கத்து நியாயமும் அதில் இடம்பெற வேண்டும்.

4. உங்கள் வீட்டில் வேலைக்குச் செல்லும் ஒருவர் சென்ற ஆண்டில் எடுத்த விடுப்பு நாள்களைக் கேட்டறிந்து பட்டியலிடுக. அவற்றுள் அவர் தமக்கென எடுத்தவை எத்தனை?