ஆபியத்துக்கு ஷுக்ரு செய்யும் முறை



காய்ச்சல் வந்தால் துஆச் செய்கிறோம். காய்ச்சல் இல்லாத நாட்களில் அல்லாஹ்வுக்கு எத்தனை முறை ஷுக்ரு செய்தோம்? ஆரோக்கியம், ஓய்வு நேரம் ஆகிய இரண்டு நிஃமத்துக்களின் விஷயத்தில் மக்களில் அநேகர் நஷ்டமடைந்து விடுகின்றனர் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள், புகாரீயில் பதிவாகியுள்ளது.

நமது தூத்துக்குடிக் கரையில் 1961-ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. கல்லைக் கயிற்றில் கட்டி, ஒரே மூச்சில் பாருக்கு இறங்கிய காலம் அது. சங்கு குளிப்பது மட்டும் இன்றும் நடக்கிறது. ஆழத்தில் நீரின் அழுத்தம் முதலில் தாக்குவது காதைத்தான். ஆகவே காதின் அருமையைக் குளியாளிடம் கேட்க வேண்டும்.

காலையும் மாலையும் மும்மூன்று முறை ஓதும் ஆபியத் துஆவில் உடல், செவி, பார்வை மூன்றையும் தனித்தனியே பெயர் சொல்லி நலம் கேட்கிறோம். உடல் என்றாலே செவியும் பார்வையும் அடங்கிவிடுமே! இருந்தும் அவற்றைத் தனியே கேட்கக் கற்பிக்கப்பட்டிருக்கிறோம். இதை வழமையாக ஓதி வந்தவர்கள் அபூபக்ரா (ரலி). கலீஃபா அபூபக்ர் (ரலி) அல்லர், இவர்கள் வேறு ஸஹாபி. மகன் காரணம் கேட்டபோது, நாயகம் (ஸல்) அவர்கள் ஓதக் கேட்டதாகவும், அந்த வழியில் நடக்க விரும்புவதாகவும் சொன்னார்கள். அபூதாவூதில் இது வருகிறது. தூங்கி எழுந்ததும் உடலுக்கு நலம் தந்து உயிரைத் திருப்பித் தந்தமைக்காகப் புகழும் துஆ திர்மிதீயில் உண்டு.

நோயாளியையோ ஊனமுற்றவரையோ கண்டால், அந்தச் சோதனையிலிருந்து நம்மைக் காத்தமைக்காக அல்லாஹ்வைப் புகழ வேண்டும். இதில்தான் நான் ஒரு தவறு செய்தேன். மதரஸாவில் துஆக்களை மனனம் செய்துகொண்டிருந்த வயது. சங்கு குளித்து ஒரு காது செவிடாகிப்போன பெரியவர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். கேட்காது என்ற தைரியத்தில் வாய்விட்டு ஓதினேன். அவருடைய நல்ல காது என் பக்கம் இருந்தது. “தம்பி, இதுக்கு மஃனா என்ன?” என்றார். சொல்ல நாவெழவில்லை. அவரே சிரித்து, “பரவாயில்லை, ஓதும்” என்று தேநீரை நகர்த்தி வைத்தார்.

இந்த துஆவை, சோதிக்கப்பட்டவர் காதில் விழாமல் தமக்குள் ஓத வேண்டும், அவர் மனம் நோகக் கூடாது என்று இமாம் நவவீ (ரஹ்) ‘அல்அத்கார்’ நூலில் குறித்திருப்பதைப் பின்னாளில்தான் பாடமாகப் படித்தேன். வீட்டுப் பெண்களும் நோய் விசாரிக்கப் போகும்போது இதைக் கவனிக்க வேண்டும். “அல்லாஹ் எங்களைக் காப்பாற்றினான்” என்று கட்டிலருகே உரக்கச் சொல்வதும் இதே தவறுதான்.

ஸஜ்தா ஷுக்ரு பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். நமது ஷாஃபிஈ மத்ஹபில், புதிதாக ஒரு நிஃமத் கிடைத்தால், அல்லது ஒரு முஸீபத் நீங்கினால் அது சுன்னத். அறுவை சிகிச்சை முடிந்து மகன் கண் திறந்தான் என்ற செய்தி வந்தால், ஒளூவுடன் கிப்லாவை முன்னோக்கித் தக்பீர் சொல்லி, ஒரே ஒரு ஸஜ்தா செய்து, எழுந்து அமர்ந்து ஸலாம் கொடுக்கலாம். தொழுகைக்குள் இதைச் செய்தால் தொழுகை முறிந்துவிடும். நோயாளியைக் கண்டு செய்வதாயின் அவர் காணாமல் செய்ய வேண்டும்.

தினமும் தொடர்ந்திருக்கும் ஆரோக்கியத்துக்கு இந்த ஸஜ்தா இல்லை. அதற்கு வேறு வழி இருக்கிறது. மனிதனுக்கு 360 மூட்டுகள் என்பது ஆயிஷா (ரலி) அறிவிப்பு. ஒவ்வொரு காலையும் மூட்டு ஒவ்வொன்றுக்கும் ஸதகா உண்டு, லுஹாவின் இரண்டு ரக்அத் அத்தனைக்கும் ஈடாகும் என்பது அபூதர் (ரலி) அறிவிப்பு. இரண்டும் முஸ்லிமில் உள்ளன.

துறைமுகத்தில் காலை வேலைக்குப் போகிறவர்கள் லுஹாவுக்கு நேரமில்லை என்கிறார்கள். சூரியன் உதித்துச் சுமார் இருபது நிமிடத்திலிருந்து உச்சிக்குச் சற்று முன்புவரை அதன் நேரம். தேநீர் இடைவேளை போதும். கடலில் இருப்பவர், படகு ஆடினால், நஃபிலான இதை உட்கார்ந்தே தொழலாம்.