ஆடி நடைப்பயணமா? முதுகுக்கு சுமை குறையட்டும், ராத்திரி தூக்கம் நிறையட்டும்!

ஆடி பிறந்தாலே போதும், விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, கோவில்பட்டி என்று நாலா பக்கத்திலிருந்தும் ஜனங்கள் இருக்கன்குடி மாரியம்மனைப் பார்க்க நடக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஆடிக் கடைசி வெள்ளி என்றால் கேட்கவே வேண்டாம். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேரும் மணல்வெளி முழுக்கக் கூட்டம்தான்.

நடப்பதற்கு நல்ல செருப்பு தேடுகிறோம், தண்ணீர் பாட்டில் வாங்குகிறோம். ஆனால் ராத்திரி எதில் படுப்பது என்பதை யோசிக்கிறோமா? தூக்கம் கெட்டால் மறுநாள் தலை சுற்றும். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களுக்கு இன்னும் கஷ்டம்.

படுக்கைச் சாமான் மொத்தம் இரண்டு கிலோவைத் தாண்டாமல் பார்த்துக் கொள்ளுங்கள். எதை எடுப்பது, எதை விடுவது?

கீழே விரிக்க

கரிசல் பூமி பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரியில்தான் வெளியே விடும். மண்டபத்துக் கல் தரையும் அப்படியே. அதனால் வெறும் தரையில் படுக்காதீர்கள். கோரைப்பாய் உடம்புக்கு சுகம், வேர்வை தங்காது. ஆனால் மடிக்க முடியாது, சுருட்டித் தோளில்தான் சுமக்க வேண்டும். பத்தமடைப் பாயில் மெல்லிய ரகம் கிடைத்தால் நல்லது. பிளாஸ்டிக் பாய் எடை குறைவு, கழுவுவதும் சுலபம். முதுகு வேர்க்கும் என்பதுதான் குறை. மேலே ஒரு பருத்தி வேட்டியை இரண்டாக மடித்துப் போட்டால் சரியாகிவிடும். ஜமுக்காளம் வீட்டிலேயே இருக்கட்டும், கனம் அதிகம்!

மேலே போர்த்த

கம்பளியெல்லாம் வேண்டாங்க. பழைய கைலி அல்லது மெல்லிய பருத்திப் போர்வை போதும். விடியற்காலை மூன்று, நாலு மணிக்கு லேசாகக் குளிரும்போது அதுவே தாங்கும். வேர்த்த துணியோடு மட்டும் படுக்காதீர்கள், உலர்ந்த துணிக்கு மாறிக்கொள்ளுங்கள். தலையணை தனியாக எதற்கு? மாற்றுத் துணியைத் துண்டில் சுற்றினால் முடிந்தது.

கொசுவலை: இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்

கொசுவுக்கு மட்டுமா வலை? கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும் பாம்பு. தரையில் தூங்குகிறவர்களைத்தான் பெரும்பாலும் கடிக்கிறது. பல சமயம் வலியே தெரியாது, பல் தடமும் சரியாகத் தெரியாது. வலையின் ஓரத்தை நாலு பக்கமும் பாய்க்கு அடியில் செருகிவிட்டால் பாம்பு, தேள், பூரான் எதுவும் உள்ளே வராது. வெள்ளை நைலான் வலை மிகவும் லேசானது. கட்ட நாலு கயிறு, கூட ஒரு சின்ன டார்ச்.

தூங்கி எழுந்தவருக்கு வயிற்று வலி, கண் இமை தொங்குவது, பேச்சுக் குழறல், மூச்சுத் திணறல் இருந்தால் "அஜீரணம்" என்று சோடா வாங்கிக் கொடுத்து நேரத்தை வீணாக்காதீர்கள். கடிவாயைக் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. நடக்கவிடாமல் படுக்க வைத்து, 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

நெருப்பு ஜாக்கிரதை!

சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் சாலையோரம் பட்டாசு ஆலைகளும் குடோன்களும் உண்டு. நிழல் இருக்கிறதே என்று அவற்றின் அருகில் படுக்க வேண்டாம். பீடி, அடுப்பு, கொசுவர்த்தி அங்கே கூடவே கூடாது. மற்ற இடங்களிலும் நைலான் வலைக்குப் பக்கத்தில் கொசுவர்த்தி வைக்காதீர்கள். நைலான் எரிந்தால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

கிளம்பும் முன் ஒரு ஒத்திகை

முதல் நாள் ராத்திரி மொட்டை மாடியில் இதே பாய், இதே வலையில் குடும்பத்தோடு படுத்துப் பாருங்கள். இடுப்பு வலிக்கிறதா, வலைக்குள் காற்று வருகிறதா, தாத்தா பாட்டியால் தரையிலிருந்து எழுந்திருக்க முடிகிறதா என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். முடியாத பெரியவர்களை பஸ்ஸில் அனுப்புங்கள். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்!