கொம்புச்சாப் பானத்துக்கு ஏற்ற இனிப்பைத் தெரிந்தெடுத்தல்

தீவக இல்லங்களுக்கான பாடம்

அனலைதீவு ஊர்காவற்றுறைக்கு மேற்கே கடல் சூழ்ந்து கிடக்கும் சிறு தீவாகும். பனையும் புகையிலையும் அத்தீவின் பழைய செல்வங்கள். கடைச் சரக்குகள் வள்ளத்தின் வழியாகவே அங்கு வந்து சேர்கின்றன. கடல் கொந்தளிக்கும் நாட்களில் அவ்வழியும் தடைப்படும். இத்தகைய இடத்தில் வாழும் இல்லத்தார், இனிப்பிட்ட தேநீரைப் புளிக்கவைத்துப் பெறும் கொம்புச்சா என்னும் பானத்தை வீட்டிலே தயாரிக்க முற்படும்போது முதலில் எழும் வினா ஒன்றுண்டு. வள்ளத்தில் வரும் சீனியை வாங்குவதா, வளவிலே நிற்கும் பனையிலிருந்து கிடைக்கும் பனங்கட்டியைப் பயன்படுத்துவதா என்பதே அது. இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு வேண்டிய விளக்கங்கள் இப்பாடத்தில் தரப்படுகின்றன.

1. பானம் புளிக்கும் முறை

கொம்புச்சா வடகிழக்குச் சீனத்தில் தோன்றியதென்பர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருசிய நாட்டிலும், பின்னர் ஏனைய நாடுகளிலும் அது பரவியது. பெயர் புதிதாயினும் அதன் தத்துவம் யாழ்ப்பாணத்தவருக்குப் புதியதன்று. அப்ப மாவுக்குக் கள்ளு விட்டுப் பொங்கவைப்பதும், கள்ளு நாட்பட்டு வினாகிரியாக மாறுவதும் யாவரும் கண்டவையே. அவ்விரு செயல்களும் இப்பானத்தில் ஒரே பாத்திரத்தில் ஒருங்கே நிகழ்கின்றன.

தேநீரின் மேல் மிதக்கும் தடித்த வெண்ணிறப் படலத்தைத் தாய்ப்படலம் எனலாம். அதனுள்ளும் அதனைச் சூழ்ந்த நீரிலும் மதுவங்களும் அசற்றிக்கமில பற்றீரியாக்களும் கூடி வாழ்கின்றன. சீனியிலுள்ள சுக்குரோசை மதுவங்கள் குளுக்கோசாகவும் பிறற்றோசாகவும் பிரிக்கின்றன. பின்னர் அவற்றை அற்ககோலாகவும் காபனீரொட்சைட்டு வாயுவாகவும் மாற்றுகின்றன. பற்றீரியாக்கள் அந்த அற்ககோலை அசற்றிக்கமிலமாகவும், குளுக்கோசின் ஒரு பகுதியைக் குளுக்கோனிக்கமிலமாகவும் மாற்றுகின்றன. தாய்ப்படலமும் பற்றீரியாக்கள் இனிப்பிலிருந்து நெய்யும் செலுலோசே ஆகும்.

இதனால் விளங்குவது யாதெனில், இப்பானத்தில் இடப்படும் இனிப்பு முதற்கண் நுண்ணுயிர்களுக்கு உணவாகும். அருந்துவோரின் நாவுக்குச் சுவையாவது அதன் பின்னரே. நுண்ணுயிர்கள் உண்ணமாட்டாத இனிப்பு எத்துணைத் தித்திப்புடையதாயினும் இதற்குப் பயன்படாது.

2. காவலாக நிற்பது அமிலமே

பாலைத் தயிராக்குதற்கு உறைமோர் இடுவது போல, புதிய தேநீருக்கு முந்திய முறைப் பானத்தில் ஒரு பகுதியை உறைநீராக இடுதல் வேண்டும். அதிலுள்ள அமிலம் முதல் நாளிலிருந்தே பூஞ்சணத்தையும் தீய கிருமிகளையும் தடுத்து நிற்கும். அவ்வமிலத்தின் வலிமையைக் கெடுக்கும் பொருள் யாதாயினும் அது பானத்துக்குப் பகையாகும். தீவகத்தில் அத்தகைய பகைப்பொருள்கள் இரண்டுள.

முதலாவது நீர். யாழ்ப்பாணத் தீவுகள் சுண்ணாம்புக் கல்லால் ஆனவை. அக்கல்லினூடே ஊறிவரும் கிணற்று நீர் வன்மையும் காரத்தன்மையும் உடையது. கோடையில் உவர்ப்பும் ஏறும். இந்நீர் உறைநீரின் அமிலத்தில் ஒரு பகுதியை நடுநிலையாக்கிவிடும். ஆதலால், மாரிகாலத்தில் தூய கூரையிலிருந்து பிடித்து மூடிவைத்த மழைநீரே இதற்கு மிகச் சிறந்தது. அது கிடையாவிடின் நன்னீர்க் கிணற்று நீரை நன்கு கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அடியிற் படியும் வெண்பொடியை விலக்கித் தெளிவை மட்டும் எடுத்துத் தேநீருக்கு மீண்டும் கொதிக்கவைத்தல் வேண்டும். உவர்நீரை எவ்வகையிலும் பயன்படுத்தலாகாது.

இரண்டாவது, பனங்கட்டியில் எஞ்சியிருக்கக்கூடிய சுண்ணாம்பு. கருப்பநீர் கள்ளாக மாறாதிருத்தற் பொருட்டு முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசப்படுகின்றது. காய்ச்சுமுன் அதனைச் செவ்வையாக நீக்காவிடின் அதன் ஒரு பகுதி பனங்கட்டியிலும் சேரும். ஒரு கிராம் நீறிய சுண்ணாம்பு ஏறத்தாழ 1.6 கிராம் அசற்றிக்கமிலத்தை நடுநிலையாக்க வல்லது. நூற்றுக்கு ஒரு பங்கு அமிலமுள்ள 100 மில்லிலீற்றர் உறைநீரில் இருப்பதோ ஒரு கிராம் அமிலம் மாத்திரமே. எனவே சிறிதளவு சுண்ணாம்பும் காவலை முற்றாக நீக்கிவிடும் என்பது தெளிவு.

3. இனிப்புப் பொருள்களும் அவற்றின் இயல்பும்

வெள்ளைச் சீனி: இது ஏறக்குறைய முழுவதும் சுக்குரோசே. வேறு கலப்பு இன்மையால் ஒவ்வொரு முறையும் ஒரே வகையாகப் புளிக்கும். புதிதாகப் பழகுவோருக்கும் தாய்ப்படலத்தைப் பேணி வைத்தற்கும் இதுவே ஏற்றது. ஒரு லீற்றர் தேநீருக்கு 70 கிராம் போதுமானது.

சிவப்புச் சீனி: இதில் கரும்புப்பாகின் நிறமும் மணமும் சிறிது எஞ்சியிருக்கும். வெள்ளைச் சீனிக்கு ஒத்த அளவில் இடலாம். பானம் கருமை கூடியதாகவும் சுவை அழுத்தமானதாகவும் இருக்கும்.

பனங்கட்டி: இதன் பெரும்பகுதி சுக்குரோசாகும், எஞ்சியவை நீரும் தாதுப்பொருள்களும் பிற வெல்லங்களுமாம். சுக்குரோசு நூற்றுக்கு 80 பங்கு எனக் கொண்டால், 70 கிராம் சீனிக்கு ஈடாக ஏறத்தாழ 88 கிராம் பனங்கட்டி வேண்டும். தூய பனங்கட்டியில் நுண்ணுயிர்கள் நன்கு வளரும். பனைக்கே உரிய மணமும் பானத்திற் படியும். ஆயினும் காய்ச்சுவோருக்குக் காய்ச்சுவோர் தரம் வேறுபடுமாதலால் சோதித்த பின்னரே இடுதல் வேண்டும்.

பனங்கற்கண்டு: கல்லாக்காரம் எனவும் வழங்கும் இது தூய்மை மிக்கது. சீனியைப் போலவே பயன்படும். விலை கூடியதாகையால் அன்றாடத் தயாரிப்புக்குக் கட்டுப்படியாகாது.

பனம்பாணி: இதில் நீர் கலந்திருப்பதால் இனிப்பின் அளவைத் திட்டமாகக் கணிப்பது கடினம். நுரைத்தோ புளித்தோ போன பாணியை இடலாகாது.

தேன்: இதில் குளுக்கோசும் பிறற்றோசும் மிக்கிருக்கின்றன. காய்ச்சாத தேன் தனக்கே உரிய மதுவங்களையும் வித்திகளையும் கொண்டுவரும். சீனிக்குப் பழகிய தாய்ப்படலம் அதில் ஒழுங்காக வேலை செய்யும் என்று நம்பியிருத்தல் இயலாது.

செயற்கை இனிப்புகள்: சக்கரின், சுக்கிரலோசு முதலியனவும், சீனித்துளசிச் சாறும் நுண்ணுயிர்களுக்கு உணவாகா. இவற்றை மட்டும் இட்ட தேநீர் புளிக்காது; காவலற்றுக் கிடந்து பழுதடையும்.

4. பனங்கட்டியைச் சோதித்தலும் தெளித்தலும்

வெண்கடதாசித் துண்டொன்றில் மஞ்சளைக் குழைத்துப் பூசி உலர்த்திக்கொள்க. பனங்கட்டித் துண்டொன்றைச் சிறிது மழைநீரிற் கரைத்து, அந்நீரில் ஒரு துளியை அக்கடதாசி மீது விடுக. மஞ்சள் செந்நிறமாக மாறினால் சுண்ணாம்பு மிகுந்துள்ளது. அப்பனங்கட்டி இதற்கு ஆகாது. நிறம் மாறாதிருத்தலால் மட்டும் சுண்ணாம்பே இல்லையென்று முடிவு செய்தலும் தவறு. மிகுதியைக் காட்டுதற்கே இச்சோதனை உதவும்.

சோதனையிலே தேறிய பனங்கட்டியை வெந்நீரிற் கரைத்து ஓரிரு மணி நேரம் அசையாது வைத்தால் மண்ணும் கரையாத சுண்ணாம்பும் அடியிற் படியும். மேலுள்ள தெளிவைத் துணியில் வடித்தெடுத்து, மீண்டும் ஒரு கொதி வரவிட்டுப் பயன்படுத்துக. சீனிக்கு 100 மில்லிலீற்றர் உறைநீர் போதுமாயின், பனங்கட்டிக்கு 200 மில்லிலீற்றர் இடுவது பாதுகாப்பானது. அமிலங் காட்டும் தாள் கிடைக்குமாயின், உறைநீர் கலந்தவுடன் பீ.எச். பெறுமானம் 4.6க்கு மேற்படாதிருத்தலையும், அருந்துமுன் 4.2க்குக் கீழே இறங்கியிருத்தலையும் பார்த்துக்கொள்ளல் நன்று.

5. செய்முறை

ஒரு லீற்றர் கொதிநீரில் மூன்று தேக்கரண்டி கறுப்புத் தேயிலையைப் போட்டுப் பத்து நிமிடம் மூடிவைத்து வடிக்க. சூடு ஆறுமுன் 70 கிராம் சீனியைக் கரைக்க. பனங்கட்டியாயின், அதனைக் கரைத்தெடுக்கும் நீரையும் இந்த ஒரு லீற்றரிலேயே அடக்கிக்கொள்க. தேநீர் முற்றாக ஆறிய பின்னரே உறைநீரையும் தாய்ப்படலத்தையும் சேர்த்தல் வேண்டும். சூட்டில் இட்டால் நுண்ணுயிர்கள் இறந்துபடும்.

பாத்திரம் கண்ணாடியாக இருத்தல் வேண்டும். அலுமினியம், பித்தளை, செம்பு ஆகியவற்றை அமிலம் அரிக்கும். மெருகிட்ட மட்பாண்டங்களின் மெருகிலே ஈயம் இருத்தல் கூடும். சுண்ணாம்பு பூசிய பழைய முட்டிகளும் ஆகா. பாத்திரத்தின் வாயை நெருக்கமாக நெய்த சுத்தமான துணியால் மூடிக் கட்டுக. எறும்பு ஏறாதிருத்தற்குப் பாத்திரத்தை நீர் நிரம்பிய தட்டில் வைத்து, வெயில் படாத இடத்தில் விடுக.

தீவகத்து வெப்பத்தில் பானம் விரைவாகப் புளிக்குமாதலால் ஐந்தாம் நாள் தொடங்கிச் சுத்தமான கரண்டியால் சுவை பார்த்து வருக. பெரும்பாலும் பத்து நாட்களுள் பானம் பதமாகும். புளிப்பும் இனிப்பும் இசைந்த நிலையில் 200 மில்லிலீற்றரை அடுத்த முறைக்கு உறைநீராக ஒதுக்கிவிட்டு, எஞ்சியதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க. அப்பெட்டி இல்லாதோர் சிறிதளவாகத் தயாரித்து விரைவில் அருந்தி முடித்தல் நலம். போத்தலை இறுக மூடி வெப்பத்தில் வைத்தால் வாயு திரண்டு போத்தல் வெடித்தல் கூடும்.

6. தாய்ப்படலத்தை இழவாதிருத்தல்

தீவில் ஒரு தாய்ப்படலம் கெட்டுவிட்டால் வேறொன்றைப் பெறுதல் எளிதன்று. ஆதலால், புதிய இனிப்பு எதனையும் முழுப் பாத்திரத்திலும் ஒரேயடியாகச் சோதிக்கலாகாது. ஒரு தாய்ப்படலத்தை எப்பொழுதும் வெள்ளைச் சீனியிலேயே வளர்த்து வருக. புதிதாக உண்டாகும் மேற்படலத்தைப் பிரித்தெடுத்து, வேறொரு சிறு கண்ணாடிப் பாத்திரத்தில் அரை லீற்றர் அளவில் பனங்கட்டிப் பானத்தை அமைத்துப் பார்க்க. இரண்டையும் ஒரே நாளில் தொடங்கி, நாள்தோறும் மணம், நிறம், புளிப்பு ஆகியவற்றைக் குறித்து வந்தால், தம் வளவுப் பனங்கட்டி இதற்கு ஏற்றதா என்பதை இல்லத்தாரே மூன்று முறைத் தயாரிப்பில் அறிந்துகொள்ளலாம்.

பானத்தில் தொங்கும் பழுப்பு நிற இழைகள் மதுவங்களே, அவற்றால் தீங்கில்லை. மேற்பரப்பில் உலர்ந்து, பஞ்சு போன்று, வெள்ளையாகவோ பச்சையாகவோ கறுப்பாகவோ எழுவது பூஞ்சணம். பூஞ்சணம் கண்டால் பானத்தையும் தாய்ப்படலத்தையும் சேர்த்தே எறிந்துவிடல் வேண்டும். மேலே வழித்துவிட்டு எஞ்சியதை அருந்துதல் ஆபத்தாகும்.

7. நீரிழிவுள்ளோரும் பிறரும் கவனிக்கவேண்டியவை

சலரோகம் உள்ளவருக்குச் சீனி ஆகாது, பனங்கட்டி ஆகும் என்ற எண்ணம் பல இல்லங்களில் உண்டு. இது தவறான எண்ணம். இரண்டிலும் பெரும்பகுதி சுக்குரோசே. இரண்டும் இரத்தத்தில் வெல்லத்தை ஏற்றும். புளித்தமையால் இனிப்பு முழுவதும் அழிந்துவிட்டது என்பதும் பொருந்தாது. ஒரு வாரத்தின் பின்னும் இட்ட சீனியில் பெரும் பங்கு எஞ்சியிருத்தல் கூடும். மேற்கூறிய அளவில் தயாரித்த பானத்தின் 120 மில்லிலீற்றரில் ஏறத்தாழ 8 கிராம் வரை வெல்லம் இருக்கலாம் எனக் கொண்டே நீரிழிவுள்ளோர் கணக்கிடல் வேண்டும். வைத்தியரைக் கேளாது அவர்கள் இதனை வழக்கமாக்கிக்கொள்ளலாகாது.

1995ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் வீட்டுக் கொம்புச்சாவை நாள்தோறும் அருந்திய பெண்கள் இருவர் இரத்தத்தில் அமிலம் மிகுந்து கடும் நோயுற்றனர். அவர்களுள் ஒருவர் இறந்தார். பானமே காரணம் என்று உறுதிப்படவில்லை. எனினும் அளவறிந்து அருந்துதல் வேண்டும் என்பதற்கு இஃது எச்சரிக்கையாகும். நற்சுகமுடையோருக்கு நாளொன்றுக்கு 120 மில்லிலீற்றர் போதுமானது. கருப்பிணிகள், குழந்தைகள், ஈரல் அல்லது சிறுநீரக நோயுள்ளோர், நோயெதிர்ப்பு வலிமை குன்றியோர் ஆகியோர் இதனைத் தவிர்த்தல் வேண்டும். வீட்டிற் புளித்த பானத்தில் அற்ககோல் நூற்றுக்கு அரைப் பங்கை விஞ்சுதலும் கூடுமாதலால், மதுவை அறவே நீக்கியோர் அதனையும் அறிந்திருத்தல் நலம்.

8. சுருக்கம்

தாய்ப்படலத்தைப் பேணுதற்கு வெள்ளைச் சீனியைக் கைக்கொள்க. அருந்துதற்கான பானத்துக்குச் சோதித்துத் தெளித்த பனங்கட்டியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். மழைநீரைச் சேமித்து வைக்க. உறைநீரில் சிக்கனம் வேண்டாம். இவற்றைக் கடைப்பிடிக்கும் இல்லத்தார் கடல் கொந்தளிக்கும் காலத்திலும் தம் வளவுப் பனையின் இனிப்பைக் கொண்டே பானத்தைத் தடையின்றித் தயாரிக்கலாம்; சுண்ணாம்பு நீக்கிக் காய்ச்சிய நல்ல பனங்கட்டிக்கும் இதனால் ஊரிலேயே தேவை பெருகும்.