டெண்டர் எழுதுமுன் அறிய வேண்டியவை



கடை வியாபாரத்தில் தேர்ந்த நம்மவர்கள், சிங்கப்பூரில் தண்ணீர்க் குழாய், மின்கேபிள் பதிக்கும் கொந்தராத்துகளுக்கும் முன்வருவது மெச்சத்தக்கதே. ஆனால், கடையில் சரக்குக்கு விலை சொல்வதுபோல் டெண்டருக்கு விலை எழுதுதல் ஆகாது.

முதலாவது, பதிவு. அரசாங்க டெண்டர்கள் ‘ஜீபிஸ்’ மின்தளத்தில் வெளியாகின்றன. கட்டுமான வேலைகளுக்குக் கட்டட, கட்டுமான ஆணையத்தில் உரிய பிரிவில் பதிந்திருத்தல் வேண்டும். கேபிள், குழாய் பதித்துச் சாலையைச் சீர்செய்யும் பிரிவு சி.ஆர்.07 ஆகும். பதிவின் தரத்துக்கு ஏற்பவே கேட்கக்கூடிய தொகையும் அமையும்.

இரண்டாவது, அனுமதி. டெண்டர் கிடைத்த மறுநாளே மண்ணில் கைவைக்க இயலாது. பொதுச் சாலையைத் தோண்ட நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி தேவை. கேபிள் வரைபடம் பெற்று, உரிமமுள்ள கேபிள் கண்டறியும் பணியாளரைக்கொண்டு இடத்தைக் குறித்து, கையால் சோதனைக் குழி தோண்டிப் பார்த்த பின்னரே இயந்திரத்தை இறக்க வேண்டும். உயர் அழுத்த மின்கேபிளைச் சேதப்படுத்தினால் 10 லட்சம் வெள்ளி வரை அபராதமோ, 5 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

மூன்றாவது, கணக்கு. அனுமதிக்குக் காத்திருக்கும் நாட்களிலும் ஆட்கூலியும் இயந்திர வாடகையும் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றையும், சாலையை மீண்டும் சீராக்கும் செலவையும் விலையில் சேர்த்தே எழுதுங்கள். இவற்றை விட்டுவிட்டுக் குறைந்த விலைக்குப் பிடித்த வேலை பாதியில் நின்றால், போட்ட முதல் மட்டுமன்று, பல்லாண்டு தேடிய நாணயமும் போய்விடும்.

ஆழம் அறிந்து காலை விடுவதே வணிகருக்கு அழகு.