சுவரின் தலையைக் காப்போம்

தோட்டத்தைச் சுற்றி இடுப்பளவு செங்கல் சுவர் இருக்கிறது. மேல் வரிசையில் இரண்டு செங்கற்கள் ஆடுகின்றன. சாந்து உதிர்ந்துவிட்டது. "சின்னக் குறைதானே" என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

மழை பெய்கிறது. மேலே உள்ள விரிசல் வழியாகத் தண்ணீர் சுவருக்குள் இறங்குகிறது. உள்ளே சாந்து உதிர்கிறது. விரிசலில் விழுந்த அரச விதை முளைக்கிறது. அதன் வேர் பருத்துச் செங்கல்லைத் தள்ளுகிறது. ஒரு நாள் சுவர் சாய்கிறது. அப்போது அங்கே குழந்தை விளையாடிக் கொண்டிருக்கலாம்.

காளஹஸ்திப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுக்கும். அதற்கு முன்பே சுவரின் தலையைச் சரி செய்ய வேண்டும். இன்று ஒரு சட்டி சாந்து போதும். சுவர் விழுந்தால் செங்கல், சிமெண்ட், கூலி எல்லாம் வேண்டும்.

எப்படிச் செய்வது?

1. ஆடும் செங்கற்களை எடுங்கள். பழைய சாந்தைச் சுரண்டுங்கள். செடியை வேரோடு பிடுங்குங்கள். தூசியைத் துடையுங்கள்.

2. செங்கற்களைத் தண்ணீரில் ஊற வையுங்கள். சுவரையும் நனையுங்கள். காய்ந்த செங்கல் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும். பிறகு சாந்து பிடிக்காது.

3. ஒரு பங்கு சிமெண்டுக்கு நான்கு பங்கு சலித்த மணல் போடுங்கள். முதலில் காய்ந்தபடியே கலக்குங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விடுங்கள். அரை மணி நேர வேலைக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள்.

4. கரணையால் அரை அங்குலம் சாந்து பரப்புங்கள். செங்கல்லை வைத்து அழுத்துங்கள். இடுக்குகளை நிரப்புங்கள்.

5. மறுநாள் சுவரின் தலை முழுவதும் சாந்து பூசுங்கள். ஒரு பக்கம் சற்று உயரமாக, வாட்டமாகப் பூசுங்கள். தண்ணீர் தேங்காமல் வழிந்துவிடும்.

6. ஈரச் சாக்கால் மூடுங்கள். ஏழு நாள் தண்ணீர் தெளியுங்கள். வெயிலில் சட்டென்று காய்ந்தால் வெடிப்பு விடும்.

சிமெண்ட் தோலை அரிக்கும். கையுறை போடுங்கள். கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மருத்துவரிடம் காட்டுங்கள்.

எப்போது பூசக் கூடாது?

சுவர் சாய்ந்திருக்கிறதா? விரிசல் தரை வரை ஓடுகிறதா? அப்படியானால் மேலே பூசிப் பயன் இல்லை. பூச்சு குறையை மறைக்கும், தீர்க்காது. குழந்தைகளை அங்கே விடாதீர்கள். மேஸ்திரியை அழைத்துக் காட்டுங்கள்.

காளஹஸ்திக் கோயிலின் ராஜகோபுரத்தை எல்லோருக்கும் தெரியும். கிருஷ்ணதேவராயர் 1516ஆம் ஆண்டு கட்டியது. ஏழு நிலை உடையது. அதில் விழுந்த விரிசல் பெரிதானது. ஆபத்தை உணர்ந்து அருகில் இருந்தவர்களை அப்புறப்படுத்தினார்கள். 2010 மே 26 அன்று கோபுரம் இடிந்து விழுந்தது. ஆனால் உயிர்கள் தப்பின. புதிய கோபுரம் கட்டி 2017ஆம் ஆண்டு குடமுழுக்கு நடத்தினார்கள்.

கோபுரம் ஆனாலும் தோட்டச் சுவர் ஆனாலும் விரிசலைக் கவனிக்க வேண்டும்.

பேசுவோம்

சுவரின் தலையை ஏன் வாட்டமாகப் பூச வேண்டும்?
உங்கள் தெருவில் எந்தச் சுவர் சாய்ந்து நிற்கிறது? யாரிடம் சொல்வீர்கள்?

எழுதிப் பழகுவோம்

சாந்து, கரணை, வாட்டம், விரிசல்