தூங்கும்போது நடக்கும் சோதனை

சரஸ்வதிபுரம்,
மைசூரு.

அன்புள்ள யாழினி,

கையில் கட்டிய வாட்சே நாடித்துடிப்பைச் சொல்லிவிடுகிறது, இனி நோயைக் கருவிகளே முன்கூட்டிக் கண்டுபிடித்துவிடும், அப்புறம் டாக்டர் எதற்கு என்று கேட்டிருக்கிறாய். பயோமெடிக்கல் படிக்க ஆசைப்படுகிறவள் கேட்கும் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை. எங்கள் பிரசவ வார்டுக்கு வந்துபோகும் ஒரே ஒரு கருவியை வைத்துச் சொல்கிறேன்.

பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கும் கருவி அது. இந்த வேலையில் மைசூருக்குத் தனி இடம் உண்டு. மானசகங்கோத்ரியில் உள்ள அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் 1965-இல் தொடங்கியது. இங்கே அதை 'ஆயிஷ்' என்பார்கள். செலுவாம்பா போன்ற மருத்துவமனைகளில் பச்சிளங் குழந்தைகளுக்குச் செவிச் சோதனை செய்வது அவர்களுடைய பணிகளில் ஒன்று.

காது கேளாத குழந்தையும் மற்றக் குழந்தைகளைப் போலவே அழும், சிரிக்கும், மழலையும் பேசத் தொடங்கும். முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரியாது. ஒன்றரை, இரண்டு வயதில் பேச்சு வராதபோதுதான் வீட்டில் சந்தேகம் எழும். அதற்குள் மூளை மொழியைப் பிடித்துக்கொள்ளும் பொன்னான மாதங்கள் போய்விடும். அதனால்தான் குழந்தை பேசும்வரை காத்திருக்காமல், தூங்கும்போதே சோதிக்கிறோம்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, காது எழுப்பும் ஒலியைக் கேட்பது. வியக்காதே, காது ஒலியை வாங்குவதோடு நிற்பதில்லை. உட்செவியின் காக்ளியாவில் இருக்கும் வெளி உரோம செல்கள், வரும் ஒலியைப் பெருக்குவதற்காகத் தாமே அசைகின்றன. அந்த அசைவில் மிக மெல்லிய ஒலி ஒன்று திரும்பி வெளியே வருகிறது. 1978-இல் லண்டனில் டேவிட் கெம்ப் இதைப் பதிவுசெய்து வெளியிட்டார். இன்று சிறு ஸ்பீக்கரும் மைக்கும் சேர்ந்த ஒரு முனையைக் காதில் வைத்தால், ஓரிரு நிமிடத்தில் அந்த ஒலி வருகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது வழி மின்சாரம். குழந்தையின் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் எலெக்ட்ரோடுகளை ஒட்டி, காதில் 'டிக்' என்று ஒலி கொடுப்பார்கள். செவி நரம்பிலும் மூளைத்தண்டிலும் 10 மில்லிசெகண்டுக்குள் சின்னச் சின்ன மின்னலைகள் எழும். 1971-இல் ஜூயெட், வில்லிஸ்டன் என்ற இருவர் இவற்றைத் தெளிவாக விவரித்தார்கள். சிக்கல் என்னவென்றால், இந்த அலை ஒரு மைக்ரோவோல்ட்கூட இல்லை. வோல்ட்டைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோவோல்ட். மூளையின் வழக்கமான மின்சலசலப்போ அதைப்போலப் பல மடங்கு.

பிறகு எப்படிப் பிடிக்கிறார்கள்? தசரா ஊர்வலக் கூட்டத்தில் ஆயிரம் பேர் ஆளுக்கொன்றாகக் கத்த, ஒருவர் மட்டும் ஒரே சொல்லை ஒரே தாளத்தில் திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்று வைத்துக்கொள். பல முறை பதிவுசெய்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மற்றக் குரல்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், அந்தச் சொல் மட்டும் எழுந்து நிற்கும். கருவி செய்வதும் இதுவே. ஒலியை 2000 முறை கொடுத்துச் சராசரி எடுத்தால், இரைச்சல் 2000-இன் வர்க்கமூலத்தால், அதாவது ஏறத்தாழ 45 மடங்கு குறையும். நீ பள்ளியில் படித்த கணக்குத்தான் இங்கே காதாக வேலைசெய்கிறது.

முதல் வழி மலிவு, விரைவு. ஆனால் உரோம செல்கள் நன்றாக இருந்து, நரம்பில் மட்டும் கோளாறு இருந்தால் அது ஏமாந்துவிடும். குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சையில் இருந்த குழந்தைகளுக்கும், மஞ்சள் காமாலை கடுமையாக வந்த குழந்தைகளுக்கும் அந்த ஆபத்து அதிகம். அவர்களுக்கு மின்னலைச் சோதனையே தேவை. பேட்டரியில் ஓடி, சத்தம் நிறைந்த இடத்திலும் இதைச் செய்யக்கூடிய 'சோஹம்' என்ற கருவியை நம் நாட்டிலேயே வடிவமைத்து 2017-இல் வெளியிட்டார்கள்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். கருவியின் திரையில் 'பாஸ்' அல்லது 'ரெஃபர்' என்று வரும். ரெஃபர் என்றால் செவிடு என்று பொருள் இல்லை. பிறந்த ஓரிரு நாளில் காதுக்குள் ஈரமோ, பிறக்கும்போது உடலில் படிந்திருக்கும் வெண்மாவோ தேங்கியிருந்தாலும் ரெஃபர் வரும். ஒரு கணக்குப் போட்டுப் பார். ஆயிரம் குழந்தைகளில் 3 பேருக்குக் குறை இருப்பதாகவும், கருவி 40 பேரை ரெஃபர் செய்வதாகவும் கொள்வோம். அந்த 3 பேரும் அதில் இருந்தாலும், மீதி 37 பேர் நன்றாகக் கேட்கிறவர்கள்தான். 40 தாய்மாரையும் பயமுறுத்தாமல், ஒருவரையும் தவறவிடாமல் திரும்ப வரவழைக்க மனிதர் வேண்டும். முழுச் சோதனை செய்து முடிவு சொல்ல வல்லுநர் வேண்டும்.

பல நாடுகளில் பின்பற்றும் கெடு இது: 1 மாதத்துக்குள் சோதனை, 3 மாதத்துக்குள் முடிவு, 6 மாதத்துக்குள் செவிக்கருவியும் பயிற்சியும். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்துக் குழந்தைகளை ஆராய்ந்து 1998-இல் வெளியிட்ட முடிவும், ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தவர்கள் மொழியில் முன்னே நின்றதைக் காட்டியது. இந்த மூன்று படிகளில் கருவிக்கு உரியது முதற்படி மட்டும். மற்ற இரண்டும் நின்றுபோனால், முன்கூட்டித் தெரிந்ததால் குழந்தைக்கு ஒரு பயனும் இல்லை. நீ நாளைக்கு எந்தக் கருவியைச் செய்தாலும், 'இது எச்சரித்த மறுநாள் நோயாளி எங்கே போவார்?' என்று முதலில் கேட்டுக்கொள்.

உன் அக்காவுக்கு அடுத்த மாதம் பிரசவம். டிஸ்சார்ஜ் ஆகுமுன் செவிச் சோதனை ஆனதா என்று நீயே கேள். பாட்டி தட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு "அதெல்லாம் நல்லா கேக்குது" என்பார். அதிர்வுக்கும் கை அசைவுக்கும்கூடக் குழந்தை திரும்பும், அது சோதனை ஆகாது. ரெஃபர் வந்தால் கலங்கவும் வேண்டாம், "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று தள்ளிப்போடவும் வேண்டாம். மறுசோதனைத் தேதியை எழுதி வாங்கித் தடுப்பூசி அட்டையோடு வை. பாஸ் வந்தாலும், சில குழந்தைகளுக்குக் குறை பின்னால் வருவதுண்டு. ஒரு வயது ஆகியும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் மறுபடியும் காட்டச் சொல்.

அன்புடன்,
சித்தி