“புரிஞ்சுதா?” என்று கேட்காதீங்க!

“நமக்குத்தான் இங்கிலீஷ் நல்லா வருதே, வெளிநாட்டுக்காரங்களுக்கு ஆன்லைனில் சொல்லிக்கொடுத்தால் என்ன?” என்று உங்களில் சிலருக்காவது தோன்றியிருக்கும். தாராளமாகச் செய்யலாம். ஆனால் உங்களுக்கு இடைநிலை வகுப்பு கிடைத்தால் கொஞ்சம் தயாராகப் போங்க. புதிதாகப் படிப்பவர் தினமும் நாலு சொல் கற்றாலே முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். இடைநிலையில் அப்படித் தெரியாது.

ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலில் ஏ1 முதல் சி2 வரை 6 படிகள் உண்டு. அதில் பி1 என்பதைத்தான் பொதுவாக இடைநிலை என்கிறார்கள். இந்தப் படியில் இருப்பவர் பயணத்தில் சமாளிப்பார், தன் ஊரைப் பற்றியும் வேலையைப் பற்றியும் பேசுவார். பலர் அப்படியே நின்றுவிடுவதும் இங்கேதான். கடைக்காரருக்குப் புரிகிறது, டாக்சிக்காரருக்கும் புரிகிறது, அப்புறம் எதற்குத் திருத்திக்கொள்ள வேண்டும்?

லண்டனில் ஒரு வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ் பேசும் மூன்று பேர். மூவரிடமும் ‘ஐ லிவ் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்’ மாதிரி ஒரு வாக்கியம் வரலாம். காரணம், அவர்கள் தாய்மொழியில் இதற்கு நிகழ்காலமே போதும். நாமும் ‘மூணு வருஷமா இங்கதான் இருக்கேன்’ என்றுதானே சொல்கிறோம்? இந்த விஷயத்தில் நாலு மொழியும் ஒரு பக்கம், இங்கிலீஷ் இன்னொரு பக்கம். அவர்கள் எங்கே இடறுவார்கள் என்பது, பிறந்ததிலிருந்து இங்கிலீஷ் பேசுபவரைவிட உங்களுக்குச் சீக்கிரம் பிடிபடும்.

இது சும்மா இலக்கணச் சண்டையும் இல்லை. இப்போதும் வேலையில் இருக்கும் ஒருவர் இன்டர்வியூவில் ‘ஐ வொர்க்ட் தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்று சொன்னால், கேட்பவர் வேலையை விட்டுவிட்டார் என்றே நினைப்பார். ‘ஐ ஹாவ் வொர்க்ட்’ என்றால் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

இதை எப்படி நடத்துவது? போர்டில் சூத்திரம் எழுதிப் “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லாரும் “யெஸ்” என்பார்கள். நாம் எத்தனை லெக்சரில் அப்படித் தலையாட்டியிருக்கோம்! அதற்குப் பதிலாக அந்த இரண்டு வாக்கியத்தையும் எழுதி, “இவர்களில் நாளைக்குக் காலையில் ஆபீஸ் போகப்போவது யார்?” என்று கேளுங்க. புரியாதவர் யார் என்று பதிலிலேயே தெரிந்துவிடும். பதில் வர நேரமாகும். அந்த அமைதியை நீங்களே பேசி நிரப்பாதீங்க.

அடுத்தது திருத்தம். மாணவர் தப்பாகச் சொன்னதும் சரியான வடிவத்தை நாமே சொல்லிவிட்டு நகர்வதுதான் நமக்கு இயல்பாக வரும். கனடாவில் பிரெஞ்சு வழியில் பாடம் நடந்த பள்ளி வகுப்புகளை லைஸ்டர், ராண்டா என்ற இரு ஆய்வாளர்கள் கவனித்து 1997-ல் எழுதினார்கள். ஆசிரியர்கள் அதிகம் பயன்படுத்தியது இந்த முறைதான். மாணவர்கள் மிகக் குறைவாகப் பிடித்துக்கொண்டதும் இதைத்தான். தப்பு இருக்கிறது என்று மட்டும் காட்டி, அவரையே திருப்பிச் சொல்லவிட்டபோது அவர்களே சரிசெய்தார்கள். எனவே “த்ரீ இயர்ஸ்... இன்னும் அங்கேயா?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்க.

அதற்காக எல்லாத் தப்பையும் பிடிக்கக் கிளம்பாதீங்க, வாயே திறக்க மாட்டார்கள். ஜப்பானியர், கொரியர், ரஷ்யர் மொழிகளில் ‘ஏ’, ‘தி’ மாதிரிச் சொற்கள் கிடையாது. அதை ஒரே வகுப்பில் சரிசெய்வது நடக்காத காரியம், விட்டுவிடுங்க.

பேச வைக்க எனக்குப் பிடித்த பயிற்சி 4/3/2. பால் நேஷன் என்ற மொழியியலாளர் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஒரே விஷயத்தை முதலில் ஒருவரிடம் 4 நிமிடம், அடுத்து வேறொருவரிடம் 3 நிமிடம், பிறகு மூன்றாமவரிடம் 2 நிமிடம் சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்ற யோசனை முதல் சுற்றிலேயே முடிந்துவிடுவதால், கடைசிச் சுற்றில் தடுமாற்றம் குறைந்து பேச்சு ஓடும். (பிளேஸ்மென்ட்டுக்கு ப்ராஜெக்ட் விளக்கப் பழகுகிறவர்களும் இதைத் திருடிக்கொள்ளலாம்!)

அவர்கள் பேசும்போது குறுக்கே போகாமல், காதில் விழும் தப்புகளை ஒரு தாளில் குறித்து வையுங்க. கடைசிப் பத்து நிமிடத்தில் அதிலிருந்து ஐந்து வாக்கியங்களை, யார் சொன்னது என்று காட்டாமல் போர்டில் எழுதுங்க. சாக்பீஸை அவர்களிடம் கொடுத்துவிட்டு நீங்க போய் உட்காருங்க.